வெள்ளானூர்க் கப்ளிங்

வெள்ளானூர்
11.6.2023

அன்புத் தங்கை கிருஷ்ணப்பிரியாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் வர்ஷாவும் சௌக்கியம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ராணிக்கு மட்டும் முட்டி வலி. மாத்திரை போடு என்றால் எண்ணெய் தேய்க்கிறாள், எண்ணெய் தேய் என்றால் என்னைத் திட்டுகிறாள்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். இந்தக் கடிதம் வரும் வாரத்திலேயே உன் பேருக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வரும். பழுப்புக் கவர், மூலைக்கு மூலை அரக்கு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கு. ஆனால் பிரிக்காதே. அப்படியே உன் பீரோவில் வை.

உனக்குத் தெரியும், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒரே வேலை. இரண்டு குழாய்களைச் சேர்க்கிற கப்ளிங்கில் காற்றடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பது. வந்தால் திருப்பி அனுப்புவேன். வராவிட்டால் 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒழுகுகிற கப்ளிங்கையே இத்தனை வருஷம் பார்த்து, அது ஏன் ஒழுகுகிறது என்பது எனக்கு வெளிச்சமாகிவிட்டது. ஸ்பேனரில் கொஞ்சம் கம்மியாகத் திருகினால் அன்றைக்கே சொட்டும். கொஞ்சம் கூடத் திருகினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நசுங்கி நாலு மாதம் கழித்துச் சொட்டும். திருகுகிறவன் கையை நம்பிச் செய்த சாமான் அது. நான் ஒன்று வரைந்திருக்கிறேன். அதற்கு ஸ்பேனரே வேண்டாம், கையால் திருகினால் போதும். அதற்கு மேல் உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

எங்கள் கம்பெனியில் டிராயிங் போட்டு ரிட்டயர் ஆன அப்பாவு அண்ணன்தான் வழி சொன்னார். "இன்னா சரவணா, மொதலாளி கைல காட்டிட்டினா அப்பால அது அவுரு சாமான். படத்தப் போட்டு, சீல் வச்சி, வெளியூர்ல கீற சொந்தக்காரங்களுக்கு ரிஜிஸ்டர்ல அனுப்பு. அவுங்க பிரிக்காம வச்சிக்கினு இருக்கணும். தபால் முத்திரை கீது பாரு, அதான் சாட்சி. நாளைக்கு எவனாவது என்னுதுன்னு வந்தான்னா ஜட்ஜ் எதிர்லயே பிரிச்சிக் காட்டு" என்றார். எஸ்டேட்டில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்களாம். தன் பேருக்கே அனுப்பிக்கொண்டால் எடுபடாதாம். முறைப்படி பேடன்ட்டுக்கு எழுதிப் போடுவது, சாமானைச் செய்து பார்த்த பிறகு.

மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அவர் பம்ப் கம்பெனியில் டிசைன் மேனேஜர், நான் ஐ.டி.ஐ. படத்தைப் பார்த்தால் சிரிப்பார். அவர் சிரித்தால் என்னால் தாங்க முடியாது.

பதிலையும் கடிதமாகவே, தேதி போட்டு எழுது. போனில் பேசுவதற்குச் சாட்சி கிடையாது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சரவணக்குமார்


புனே
2.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பிரியாவின் வணக்கம். நாங்கள் மூன்று பேரும் நலம். உன் நலமும் அண்ணி, வர்ஷா நலமும் அறிய ஆவல். அண்ணியை டாக்டரிடம் கூட்டிப் போ. நீ மாத்திரை வாங்கி வந்து டாக்டர் வேலை பார்க்காதே.

கவர் வந்தது. போஸ்ட்மேன் நீட்டிய அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இத்தனை அரக்கைப் பார்த்துவிட்டு, உள்ளே நகையா என்று மராத்தியில் கேட்டார். என் அண்ணனின் மூளை என்று சொல்ல நினைத்தேன், அவருக்குத் தமிழ் தெரியாது. பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் மாப்பிள்ளை என்ன தபால் என்று கேட்டார். வர்ஷாவின் ஜாதகம், இங்கே ஒருவரிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறாய் என்றேன். பன்னிரண்டாவது படிக்கிற பெண்ணுக்கு இப்போதே ஜாதகமா என்று உன்னை ஒரு மாதிரி பேசினார். உனக்காக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ எனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? கையெழுத்து அப்படியே இருக்கிறது, சண்டைக்கு வருவது போல. இரண்டு தடவை படித்தேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
பிரியா


வெள்ளானூர்
20.8.2023

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் நலம், உன் நலம் அறிய ஆவல். ராணியை ஆவடியில் டாக்டரிடம் காட்டினேன். எடையைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அந்த டாக்டர் படித்தவரே இல்லை என்கிறாள்.

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் பழைய லேத் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதோடுதான். மூன்று கப்ளிங் செய்துவிட்டேன். முதலாவது ஒழுகியது, இரண்டாவது ஒழுகியது. மூன்றாவதைத் துணி துவைக்கிற பெரிய டப்பில் முக்கிக் காற்றடைத்தேன். ராணி பக்கத்தில் நின்று, "இன்னாய்யா, சாமி கும்புடற மாதிரி அத்தயே பாத்துக்கினு கீற?" என்றாள். பேசாதே, ஒரு குமிழி வருகிறதா என்று நீயும் பார் என்றேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் பார்த்தோம். வரவில்லை. பிரியா, எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது. நான் செய்த ஒன்று சரியாக இருக்கிறது என்று யாரும் சொல்லாமல் எனக்கே தெரிந்தது அன்றைக்குத்தான்.

இதை என் பேரில் பதிந்துவிட்டால் போதும். சாகும்வரை அடுத்தவன் சாமானுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பேர்கூட வைத்துவிட்டேன், வெள்ளானூர்க் கப்ளிங். ஊர்க்காரர்கள் எல்லாம் நிலத்தை மனைபோட்டு விற்றுவிட்டார்கள், பேராவது மிஞ்சட்டும்.

கவர் பத்திரமாக இருக்கிறதா? ஒரு வரி எழுது.

உன் அண்ணன்
சரவணக்குமார்


புனே
26.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். பிள்ளைக்குப் பரீட்சை, பிறகு எனக்குக் காய்ச்சல், பிறகு தீபாவளி. ஏதோ ஒன்று.

கவர் பீரோவில்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவில் வெளிப்பக்கமாக ஓர் ஓட்டை இருந்தால், முதல் வளையம் கசியும்போது அதன் வழியாகச் சொட்டு வந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், சரிதான். ஆனால் அதே கப்ளிங்கைப் பம்புக்கு முன்னால், தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தில் போட்டால், அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்விடாதா? சும்மா கேட்கிறேன்.

அண்ணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

பிரியா


வெள்ளானூர்
10.12.2023

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய் என்று முதலில் இதை எழுதுகிறேன். மழையில் எஸ்டேட் முழுக்க முட்டியளவு தண்ணீர், எங்கள் கம்பெனியில் நாலு நாள் வேலை இல்லை. நம் வீட்டுக்குள் வரவில்லை. ஷெட்டுக்குள் வந்து லேத் மோட்டார் நனைந்துவிட்டது. வெள்ளம் வடிந்த கையோடு உன் கடிதம் வந்தது. நாலு நாள் துக்கமும் போய்விட்டது.

என் தங்கைக்கு இவ்வளவு மூளையா? எம்.காம். படிக்க வைத்ததற்குப் பதில் உன்னை இன்ஜினியரிங் சேர்த்திருக்க வேண்டும். நீ கேட்ட கேள்வியில்தான் இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைத் தள்ளுகிற பக்கம் போட்டால் என் கப்ளிங் தங்கம். உறிஞ்சுகிற பக்கம் போட்டால் காற்றை இழுக்கிறது. கவரில் உள்ள படத்திலும் அந்தக் குறை இருக்கிறது.

இப்போது தீர்ந்துவிட்டது. எழுதுகிறேன் கேள். இரண்டு வளையத்தையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தது என் தப்பு. முதல் வளையத்தின் உதடு, அதாவது அதன் மெல்லிய விளிம்பு, உள்ளே பார்க்க வேண்டும், இரண்டாவதன் உதடு வெளியே பார்க்க வேண்டும். தள்ளினால் ஒன்று இறுகும், உறிஞ்சினால் இன்னொன்று இறுகும். ஓட்டையை மூடக் கூடாது, அதன் மேல் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றை வளையல் போல மாட்டிவிட வேண்டும். உள்ளேயிருந்து சொட்டு வந்தால் பட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். வெளியேயிருந்து காற்று போகப் பார்த்தால் பட்டை ஓட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். கீழே படம் போட்டிருக்கிறேன்.

இதையும் சீல் வைத்து அனுப்ப வேண்டும். மோட்டார் காயட்டும், ஒன்று செய்து பார்த்துவிட்டு அனுப்புகிறேன். இந்த வீட்டில் இதைப் பேச ஆள் இல்லை. நீ கேட்டாயே, அது போதும் எனக்கு.

உன் அண்ணன்
சரவணக்குமார்


புனே
4.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அங்கு எல்லோரும் நலம்தானே?

அவருக்குப் பிரமோஷன் கிடைத்திருக்கிறது. இனி அடிக்கடி வெளியூர் போவார். எனக்கு இப்போது வேலை அதிகம். கப்ளிங் விஷயமாக எனக்கு எழுத வேண்டாம் அண்ணா. எனக்கு அது புரிவதில்லை. நீ சீக்கிரம் முறைப்படி பதிந்துவிடு. அப்பாவு சொன்னார், இவர் சொன்னார் என்று காத்துக்கொண்டிருக்காதே.

வர்ஷாவின் பரீட்சைக்கு என் ஆசிகள்.

பிரியா


வெள்ளானூர்
19.5.2024

பிரியாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எல்லோரும் நலம்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மேனேஜர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "சரவணா, இத்த தொட்டில போட்டுப் பாரு. புனே கம்பெனி சாமான். நம்மளுத விட நல்லா இருந்தா இதையே வாங்கி வித்துடலாம்னு மொதலாளி சொல்றாரு. ஸ்பேனரே வேணாமாம்பா" என்றார். பெட்டியைப் பிரித்தேன். பளபளவென்று, கைக்கு அடக்கமாக. திருகினேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரப்பர் பட்டை தட்டுப்பட்டது. நகத்தால் தூக்கிப் பார்த்தேன். ஓட்டை.

காற்றடைத்துத் தொட்டியில் முக்கினேன். ஒரு குமிழி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் பிரியா. பத்தொன்பது வருஷத்தில் அப்படி வேண்டிக்கொண்டது கிடையாது. வரவில்லை. அழுத்தத்தை இரண்டு மடங்காக ஏற்றினேன், வரவில்லை. உறிஞ்சும் பக்கம் போட்டுப் பார்த்தேன், காற்று போகவில்லை. மேனேஜர் பக்கத்தில் நின்று, "இன்னாப்பா, சூப்பரா கீதே. எவனோ மூளக்காரன் பண்ணிக்கிறான்" என்றார். பேப்பரை நீட்டினார். 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன எழுதுவது? கசியவில்லையே.

அப்பாவு அண்ணனின் மருமகன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் கொடுத்தான். உன் புருஷன் கம்பெனி ஜனவரியில் பேடன்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் புருஷன் பெயர், தட்சிணாமூர்த்தி.

வீட்டுக்கு வந்து என் கடிதங்களின் நகல்களை எடுத்து வைத்துப் படித்தேன். ஓட்டையைப் பற்றி நவம்பருக்கு முன்னால் ஒரு வார்த்தைகூட உனக்கு நான் எழுதவில்லை. அது கவருக்குள் மட்டும்தான் இருந்தது. நீ எப்படிக் கேட்டாய்? நானும் என் தங்கைக்கு மூளை என்று பூரித்துப்போய், மிச்சம் இருந்ததையும் படம் போட்டுக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு கேனயன் இந்த எஸ்டேட்டில் உண்டா?

வக்கீலைப் பார்த்தேன். சீல் வைத்த கவருக்கெல்லாம் மதிப்பில்லை, முதலில் விண்ணப்பம் போட்டவனுக்குத்தான் என்றார். உன் நவம்பர்க் கடிதத்தைக் காட்டினேன். "இது அவங்களுக்குத்தான் சாதகம். நீங்க எழுதறதுக்கு முன்னாடியே அவங்க வீட்டுக்காரருக்கு இது தெரியும்னு ஆகுது" என்றார். ஒரே வழிதான் இருக்கிறது. அது என்னிடமிருந்து எடுத்தது என்று நிரூபித்தால் எதிர்ப்பு மனு போடலாம். கவரை யார், எப்போது பிரித்தது, அந்தக் கேள்வியை யார் கேட்கச் சொன்னது என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நீ சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

உடனே பதில் எழுது.

சரவணக்குமார்


அனுப்புநர்:
த. கிருஷ்ணப்பிரியா,
புனே.

பெறுநர்:
திரு. தி. சரவணக்குமார்,
வெள்ளானூர்.

நாள்: 10.6.2024

பொருள்: தங்கள் 19.5.2024 தேதியிட்ட கடிதம் தொடர்பாக.

ஐயா,

மேற்படி கடிதம் கிடைக்கப் பெற்றேன். அதில் குறிப்பிட்டுள்ள பதிவுத் தபால் எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. என் கணவர் உருவாக்கிய குழாய் இணைப்புக்கும் தங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தங்கள் வரைபடம் எதையும் நானோ என் கணவரோ பார்த்ததில்லை. இனி இது குறித்துத் தபால் மூலமாகவோ தொலைபேசி மூலமாகவோ என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
த. கிருஷ்ணப்பிரியா


வெள்ளானூர்
16.6.2024

ஐயா என்று எழுதிய தங்கைக்கு,

நீ கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது. தபால்காரர் திருப்பி அனுப்பியது. புனே முத்திரை, தேதி, உன் பெயர் எல்லாம் இருக்கிறது. கவர் வரவே இல்லை என்றால் அந்தக் கையெழுத்து யாருடையது?

அந்தக் கடிதம் உன்னுடையது இல்லை என்று ராணிகூடக் கண்டுபிடித்துவிட்டாள். "பிரியா ஒரு நாளும் ஐயான்னு எழுதாது. யாரோ சொல்ல எழுதிக்கிது" என்றாள். அவர்கள் எழுதிக் கொடுத்ததை நீ பார்த்து எழுதியிருக்கிறாய். எம்.காம். படித்தவள். அடுத்தவன் காட்டிய இடத்தில், படிக்காமல், யோசிக்காமல் கையெழுத்துப் போடுவாளா ஒருத்தி? அப்பா இருந்திருந்தால் உன்னை என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பார்.

சரவணக்குமார்


புனே
7.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இருக்க மாட்டாய் என்று தெரியும். அண்ணியின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

உண்மையை எழுதுகிறேன். போன அக்டோபரில் அவர் பாஸ்போர்ட் தேடப் பீரோவைக் குடைந்தார். கவரைப் பார்த்தார். ஜாதகத்துக்கு எதற்கு இத்தனை அரக்கு என்று கேட்டார். நான் பொய்யை ஒழுங்காகச் சொல்லவில்லை. அரக்கைத் தொடாமல், பக்கவாட்டில் பிளேடு போட்டுப் பிரித்தார். படத்தை விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை அண்ணா. நீ பயந்தது நடக்கவில்லை. பசை தடவி ஒட்டி, இருந்த இடத்திலேயே வை என்று என்னிடம் கொடுத்தார். வைத்தேன். அதனால்தான் கவர் பீரோவில்தான் இருக்கிறது என்று எழுதினேன். அந்தக் கேள்வியை அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 'சும்மா கேட்கிறேன்' என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. உன் பதிலை அவர் கேட்டார், கொடுத்தேன். ஜூன் மாதக் கடிதம் அவர் ஆபீஸ் வக்கீல் டைப் செய்தது, பார்த்து என் கையால் எழுதினேன்.

அடுத்தவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாளா என்று கேட்டிருக்கிறாய். போடுவாள். 2011இல் போட்டாள். அப்பா காரியம் முடிந்து பதினெட்டாம் நாள், நீ என்னைப் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப் போனாய். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். உட்கார நாற்காலி இல்லை. நீ பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாய், ஆறு இடத்தில். "இன்னாண்ணா இது?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, பட்டா மாத்தறதுக்கு. போடு, டைம் ஆவுது" என்றாய். நீ சொன்னதால் படிக்கவில்லை. என் பங்கை உனக்கு விட்டுக்கொடுத்த பத்திரம் அது என்று மூன்று வருஷம் கழித்து அவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் முன்னால் எனக்கு இருந்த அவமானம் உனக்குத் தெரியாது. அப்போதும் உன்னிடம் கேட்கவில்லை. பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாய், கட்டிக்கொண்டேன். கவரைப் பிரிக்கும்போது நான் தடுத்தேன். "உங்க அண்ணன் உன்கிட்ட எடுத்தாரே, அதுல பாதியாவது திரும்பி வரட்டும்" என்றார். தடுத்த கையை எடுத்துக்கொண்டேன்.

அவர் செய்தது திருட்டு. நான் அதற்குக் கதவைத் திறந்துவிட்டேன். அதைக் கையெழுத்துப் போட்டுச் சொல்லத் தயார். அவர் என்னை வீட்டைவிட்டு அனுப்பினாலும் சொல்கிறேன். ஆனால் முதலில் நீ எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அன்றைக்குப் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன் என்று உன் கையால், தேதி போட்டு எழுது. நிலம் எனக்கு வேண்டாம். நீ வீடு கட்டி, ஷெட் போட்டு, வர்ஷா வளர்ந்த இடம் அது. அதில் ஓர் அடிகூடக் கேட்க மாட்டேன். போனில் சொல்லாதே. போனில் பேசுவதற்குச் சாட்சி கிடையாது என்று நீதான் எழுதினாய்.

உன் கடிதம் வந்த அன்றே என் வாக்குமூலம் கிளம்பும்.

அன்புடன்,
பிரியா


அனுப்புநர்:
தி. சரவணக்குமார்,
வெள்ளானூர்.

பெறுநர்:
திருமதி த. கிருஷ்ணப்பிரியா,
புனே.

ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால்

நாள்: 25.8.2024

பொருள்: தங்கள் 7.7.2024 தேதியிட்ட கடிதம் தொடர்பாக.

அம்மையீர்,

மேற்படி கடிதம் கிடைக்கப் பெற்றேன். அதில் கண்டுள்ள விவரங்கள் முற்றிலும் தவறானவை. 2011ஆம் ஆண்டு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தில் தாங்கள் அதன் வாசகங்களைப் படித்துப் பார்த்து, முழு மனதுடன், எவருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றிக் கையெழுத்திட்டீர்கள். வெள்ளானூர் சொத்தில் தங்களுக்கோ தங்கள் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியதையும் கிடையாது. இதற்கு மாறாக இனி எழுதப்படும் எந்தக் கடிதமும் என்னைக் கட்டுப்படுத்தாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
தி. சரவணக்குமார்


புனே
8.9.2024

அண்ணா,

உன் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அட்டை உனக்கு வந்து சேரும்.

ஐந்து தடவை படித்தேன். வக்கீல் சொல்லியிருப்பார், தங்கச்சி நிலம் வேண்டாம் என்றுதான் இப்போது சொல்வாள், நீ ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அதையே கோர்ட்டுக்கு எடுத்து வருவாள் என்று. நீயும் நம்பியிருப்பாய். கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, 'அண்ணி கேட்டதாகச் சொன்னாள்' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிகிறது.

என் வாக்குமூலத்தை ஜூலை பன்னிரண்டாம் தேதியே எழுதிவிட்டேன். ஆறு பக்கம். இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, உன் முகவரி எழுதி, தபால்தலைகூட ஒட்டி வைத்திருந்தேன். நீ முழுதாக எழுத வேண்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை. 'ஆமாம் பிரியா' என்று ஒரு கார்டில் எழுதியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். இனி உனக்கு அது தேவைப்படாது. நேற்று கிழித்துவிட்டேன்.

உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "உங்க அண்ணன் கெட்டிக்காரர்தான்" என்றார். அவர் உன்னைப் பாராட்டி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. என் ஜூலைக் கடிதம் முற்றிலும் தவறு என்று நீயே பதிவுத் தபாலில் எழுதிவிட்டாய், இனி எந்தப் பயமும் இல்லை என்று ஆபீஸுக்குப் போன் செய்து சொன்னார். வெள்ளானூர்க் கப்ளிங்குக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை உனக்கு எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். உன் மேஜைக்குத்தான் பெட்டி பெட்டியாக வரப்போகிறது, நீயே பார்ப்பாய்.

நான் நலம். உன் நலம் கேட்டு எழுதுவதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கிருஷ்ணப்பிரியா